ஜூனோகேம் மூலப் படங்களிலிருந்து வியாழனின் வண்ணப் படம் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலத்தின் கேமரா எடுக்கும் மூலப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பைத்தான் நிரல் ஓரளவு எழுதத் தெரிந்து, பள்ளிக்கூடத்து முக்கோணவியல் மறக்காமல் இருந்தால், ஒரு மடிக்கணினியை வைத்தே அவற்றை அறிவியல் தரத்துக்குச் செப்பனிட முடியும். அந்த வேலையில் இறங்குபவர்கள் வழக்கமாகக் கேட்பவையும் வழக்கமாகச் சறுக்கும் இடங்களும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

ஜூனோகேம் எப்படிப்பட்ட கேமரா?

ஜூனோ 2011 ஆகஸ்ட் 5 அன்று ஏவப்பட்டு, 2016 ஜூலையில் வியாழனின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. அதிலுள்ள ஜூனோகேமைச் செய்தது சான் டியேகோவின் மாலின் ஸ்பேஸ் சயின்ஸ் சிஸ்டம்ஸ். குவியத் தொலைவு ஏறத்தாழ 11 மி.மீ., பார்வைக் கோணம் 58 டிகிரி. உணரியில் 1600 × 1200 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 7.4 மைக்ரான். ஒரு பிக்சல் வானில் 0.673 மில்லிரேடியன் அகலத்தைப் பார்க்கிறது. அதாவது 4,300 கி.மீ. உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 3 கி.மீ.

இந்த எண்களைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கலம் நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேமரா அதன் பக்கவாட்டில் வெளியே பார்த்தபடி பொருத்தப்பட்டிருக்கிறது. கலம் சுழலச் சுழல, நொடிக்கு 12 டிகிரி வேகத்தில் பார்வை கோளின் மீது ஓடுகிறது. பட வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தச் சுழற்சியிலிருந்தே கிளம்புகின்றன.

மூலப் படத்தைத் திறந்தால் கோடு கோடாக, கறுப்பு வெள்ளையில் நீண்டு கிடக்கிறதே. கோப்பு கெட்டுவிட்டதா?

இல்லை, அதன் உண்மையான உருவம் அதுதான். உணரியின் மேலேயே சிவப்பு, பச்சை, நீலம், மீத்தேன் என நான்கு வடிகட்டிப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறை படமெடுக்கும்போதும், அந்தப் படத்துக்குத் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வடிகட்டியின் கீழிருந்தும் 128 வரிசை உயரமுள்ள ஒரு பட்டை மட்டும் படிக்கப்படுகிறது. அந்தப் பட்டைகள் எடுத்த வரிசைப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரே கோப்பாக வருகின்றன.

கோப்பின் அகலம் 1648 பிக்சல். இரு ஓரங்களிலும் சில பத்திகள் ஒளி படாதவை, அவற்றை ஒதுக்கிவிடலாம். மூன்று நிறப் படமென்றால் மேலிருந்து நீலம், பச்சை, சிவப்பு, மறுபடி நீலம், பச்சை, சிவப்பு என்று போகும். மூன்றும் சேர்ந்தது ஒரு சட்டம், 384 வரிசை. கோப்பின் உயரம் 13,824 என்றால் அதில் 36 சட்டங்கள் இருக்கின்றன. உயரம் 384-ஆல் மீதியின்றி வகுபடவில்லை என்றால், அது மூன்று நிறப் படமாக இருக்காது; மீத்தேன் மட்டும் எடுத்த படமாக இருக்கலாம். எந்த வடிகட்டிகள் என்பது கூடவே வரும் விவரக் கோப்பில் இருக்கும். நிறவரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு நீலத்தைச் சிவப்பென்று நினைப்பதுதான் பலரின் முதல் தவறு. வியாழனின் மாபெரும் புயலான பெருஞ்சிவப்புப் புள்ளி நீல நிறத்தில் வந்தால் காரணம் அதுவே.

பட்டைகளை வெட்டி, ஒரு பட மென்பொருளில் நகர்த்திப் பொருத்தினால் போதாதா?

தொலைவிலிருந்து எடுத்த படமென்றால் சுமாராகப் பொருந்தும். அண்மைப் படங்களில் பொருந்தவே பொருந்தாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

உணரியில் அடுத்தடுத்த இரண்டு நிறங்களின் இடைவெளி 155 வரிசைகள். 0.673 மில்லிரேடியனால் பெருக்கினால் ஏறத்தாழ 6 டிகிரி. நொடிக்கு 12 டிகிரி சுழலும் கலத்தில் இது அரை நொடி. எனவே ஒரே மேகத்தை ஒரு நிறத்தில் பார்த்து அரை நொடி கழித்துத்தான் அடுத்த நிறத்தில் பார்க்கிறது கேமரா. வியாழனை மிக நெருங்கும் வேளையில் கலத்தின் வேகம் நொடிக்கு 58 கி.மீ. அந்த அரை நொடியில் அது 29 கி.மீ. நகர்ந்துவிடும். 3 கி.மீ. பிக்சலில் அது பத்து பிக்சல் விலகல். விலகல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் நேர் கீழே ஒரு அளவு, விளிம்புக்கு அருகே வேறு அளவு என்று மாறிக்கொண்டே போகும். நடுவில் பொருத்தினால் ஓரத்தில் சிவப்பு, நீல நிழல்கள் தெரியும். ஓரத்தில் பொருத்தினால் நடுப்பகுதி கலங்கும்.

36 சட்டங்கள் எடுத்து முடிக்க ஏறத்தாழ 13 நொடி. அதற்குள் கலம் 750 கி.மீ. கடந்திருக்கும். முதல் பட்டையும் கடைசிப் பட்டையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவையே அல்ல. அதனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் "எந்த நேரத்தில், எங்கிருந்து, எந்தத் திசையில்" என்ற மூன்றையும் கணக்கிட்டு, அது கோளின் எந்தப் புள்ளியில் விழுகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். வேறு வழியில்லை.

கலம் எங்கே இருந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்?

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் நைஃப் என்ற குழு இருக்கிறது. அது ஸ்பைஸ் என்ற கணக்கீட்டு நூலகத்தையும், ஒவ்வொரு திட்டத்துக்கும் உரிய தரவுக் கோப்புகளையும் வெளியிடுகிறது. கோப்புகளைக் கர்னல் என்பார்கள். ஜூனோகேமுக்கு ஏழு வகை தேவை: கலமும் கோள்களும் எங்கே இருந்தன (எஸ்.பி.கே.), கலம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது (சி.கே.), கோளின் வடிவமும் சுழற்சியும் (பி.சி.கே.), கேமராவின் அளவுகள் (ஐ.கே.), கேமரா கலத்தோடு எந்தக் கோணத்தில் இணைந்திருக்கிறது (எஃப்.கே.), கலத்தின் கடிகாரம் (எஸ்.சி.எல்.கே.), லீப் நொடிகள் (எல்.எஸ்.கே.). பைத்தானில் ஸ்பைசிபை என்ற தொகுப்பு இவற்றைப் படித்துத் தரும்.

எஸ்.பி.கே., சி.கே. இரண்டிலும் முன்கணிப்புக் கோப்புகளும் பின்னர் உண்மை அளவீட்டிலிருந்து கணக்கிட்ட கோப்புகளும் உண்டு. பின்னதையே எடுக்க வேண்டும். சுழலும் கலத்தில் சுழற்சி நிலை சிறிது பிசகினாலும் படம் முழுவதும் இடம் மாறிவிடும்.

"ஃபிரேம் இணைப்பு இல்லை" (ஃபிரேம் என்றால் இங்கே அச்சு முறை, படச் சட்டம் அல்ல) என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால், பெரும்பாலும் அந்த நேரத்துக்குரிய சி.கே. கோப்பு ஏற்றப்படவில்லை, அல்லது கலக் கடிகாரக் கோப்பு விடுபட்டிருக்கிறது. சி.கே. உள்ளே நேரத்தைக் கலக் கடிகாரத்தில்தான் குறித்து வைத்திருக்கும். கடிகாரக் கோப்பு இல்லாமல் அதைப் படிக்க முடியாது. "எஸ்.பி.கே. தரவு போதவில்லை" என்று வந்தால் கோப்பின் கால எல்லைக்கு வெளியே கேட்டிருக்கிறீர்கள்.

நேரக் கணக்கில் அப்படியென்ன கவனம் வேண்டும்?

இந்த வேலையில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நொடிக்கு 12 டிகிரி என்றால் ஒரு பிக்சலைக் கடக்க 3.2 மில்லி நொடி. அதனால் நேரத்தை மில்லி நொடித் துல்லியத்தில் கையாள வேண்டும். விவரக் கோப்பில் தொடக்க நேரமும் சட்டங்களுக்கு இடைப்பட்ட நேரமும் தரப்பட்டிருக்கும்; இடைப்பட்ட நேரம் 0.371 நொடி போல இருக்கும். இந்த இரண்டையும் அப்படியே பயன்படுத்தக் கூடாது. கேமராவின் ஐ.கே. கோப்பில் இரண்டு திருத்தங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தொடக்க நேரத்தோடு 61.88 மில்லி நொடியைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு சட்ட இடைவெளியோடும் 1 மில்லி நொடியைக் கூட்ட வேண்டும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால், சட்டம் ஒன்றின் நேரம் = தொடக்க நேரம் + 0.06188 + சட்ட எண் × (இடைவெளி + 0.001).

முதல் திருத்தத்தை மறந்தால் படம் முழுவதும் 19 பிக்சல் தள்ளிப்போகும். அதையாவது விளிம்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதை மறந்தால் முதல் சட்டம் சரியாக இருக்கும், 36-வது சட்டம் 35 மில்லி நொடி பிந்தி, 11 பிக்சல் விலகும். மேலே அழகாகப் பொருந்திய நிறங்கள் கீழே வரவர விலகிக்கொண்டே போகின்றன என்றால், சந்தேகமே வேண்டாம், இதுதான்.

இன்னொன்று. விவரக் கோப்பிலுள்ள நேரம் உலக நேரம். ஸ்பைஸ் உள்ளுக்குள் பயன்படுத்துவது வேறொரு கால அளவு. 2017 தொடக்கத்திலிருந்து இரண்டுக்கும் இடையே 69.184 நொடி வித்தியாசம். மாற்றுவதற்கென்று ஸ்பைஸிலேயே உள்ள செயலியைப் பயன்படுத்தாமல், நேரத்தைச் சொந்தமாக நொடிகளாக்கினால் கலம் 4,000 கி.மீ. தள்ளி நிற்கும்.

மூலப் படத்தின் 8 பிட் எண்கள் நேரடியாக ஒளியின் அளவைக் காட்டுகின்றனவா?

காட்டுவதில்லை. கேமரா 12 பிட்டில், அதாவது 4,096 படிகளில் அளக்கிறது. பூமிக்கு அனுப்பும்போது தரவைக் குறைக்க 256 படிகளாகச் சுருக்குகிறது. சுருக்குவது சமமாக அல்ல, வர்க்கமூலத்தை ஒத்த ஒரு வளைவில். அதற்கு நல்ல காரணம் உண்டு: ஒளியின் இயல்பான இரைச்சல் அதன் அளவின் வர்க்கமூலம். 100 எலக்ட்ரான்கள் சேர்ந்தால் இரைச்சல் 10. 10,000 சேர்ந்தால் 100. பிரகாசமான இடத்தில் நுட்பமான படிகள் வைத்து அனுப்பினாலும் அவை இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அதனால் இருண்ட பகுதிக்கு நெருக்கமான படிகள், வெளிச்சப் பகுதிக்கு அகலமான படிகள்.

நீங்கள் செய்ய வேண்டியது, வெளியிடப்பட்ட மாற்று அட்டவணையைக் கொண்டு ஒவ்வொரு எண்ணையும் நேரியல் அளவுக்கு விரித்தெடுப்பது. இதை எல்லாவற்றுக்கும் முன்னால், வேறு எதையும் தொடுவதற்கு முன் செய்யுங்கள். விரிக்காத எண்களை வைத்து வெளிச்சத் திருத்தமோ நிறச் சமன்பாடோ செய்தால் விடை எப்போதுமே தவறு. விரித்த பிறகு 32 பிட் தசம எண்ணாகவே கடைசி வரை வைத்திருங்கள். 1648 × 13,824 பிக்சலுக்கு 91 மெகாபைட்தான் ஆகும். மறுபடி 8 பிட்டுக்கு இறக்கிச் சேமிப்பதில் மிச்சம் எதுவும் இல்லை.

ஒரு பிக்சலைக் கோளின் மேற்பரப்பில் எப்படி இடுவது?

முதலில் லென்ஸின் வளைவைத் திருத்த வேண்டும். ஐ.கே. கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் மையப்புள்ளியும், வளைவுக்கான இரண்டு குணகங்களும் இருக்கின்றன. வளைவைச் சேர்ப்பது ஒரே சூத்திரம். நீக்குவதற்கு நேர்ச் சூத்திரம் கிடையாது. ஒரு தொடக்க விடையை வைத்துத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். ஐந்து சுற்றுப் போதும். பிறகு கிடைக்கும் திசையைக் கேமரா அச்சிலிருந்து வியாழனோடு சுழலும் அச்சுக்கு மாற்றி, அந்தக் கதிர் கோளின் தட்டையுருண்டையை எங்கே தொடுகிறது என்று கேட்க வேண்டும். வியாழனின் நடுவரை ஆரம் 71,492 கி.மீ., துருவ ஆரம் 66,854 கி.மீ. முழு உருண்டை என்று எடுத்துக்கொண்டால் விளிம்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

இதுவரை சொன்னது முன்னோக்கிய வழி: பிக்சலிலிருந்து கோளுக்கு. வரைபடம் தயாரிக்க இந்த வழியைப் பயன்படுத்தினால் இடையிடையே ஓட்டைகள் விழும். மாறாக, வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, "இந்த அகலாங்கும் நெட்டாங்கும் எந்தச் சட்டத்தில், எந்தப் பிக்சலில் பதிவானது" என்று பின்னோக்கித் தேட வேண்டும். கலம் சுழல்வதால் நேரமே தெரியாத எண். நடுச் சட்டத்தின் நேரத்தில் தொடங்கி, அந்தப் புள்ளி பட்டைக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே விழுகிறது என்று பார்த்து நேரத்தைத் திருத்தினால் மூன்று நான்கு சுற்றில் விடை நிலைபெறும். அடுத்தடுத்த பட்டைகள் ஏறத்தாழ 12 வரிசை அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும். அந்த இடத்தில் இரண்டையும் எடையிட்டுக் கலந்தால் தையல் தெரியாது.

எல்லாப் பிக்சலுக்கும் ஸ்பைஸை அழைத்தால் மணிக்கணக்கில் ஓடும். சட்டத்துக்கு ஒருமுறை மட்டும் கலத்தின் இடத்தையும் சுழற்சி அணியையும் வாங்கிக்கொண்டு, மீதியை நம்பை என்ற பைத்தான் கணக்கீட்டு நூலகத்தில் மொத்தமாகக் கணக்கிட்டால் சில நிமிடத்தில் முடியும்.

கணக்குச் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோளின் விளிம்பைப் பாருங்கள். கணக்கிட்ட விளிம்பை மெல்லிய கோடாக மூலப் பட்டைகளின் மேல் வரைந்து, கறுப்பு வானம் தொடங்கும் இடத்தோடு அது ஒட்டுகிறதா என்று மூன்று நிறத்திலும், முதல், நடு, கடைசிச் சட்டங்களிலும் பாருங்கள். எல்லாச் சட்டத்திலும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் தொடக்க நேரத்தைச் சில மில்லி நொடி நகர்த்திச் சரிசெய்யலாம். சட்டத்துக்குச் சட்டம் விலகல் வளர்ந்தால் இடைவெளிக் கணக்கைப் பாருங்கள். ஒரு நிறம் மட்டும் விலகினால் அந்த நிறத்தின் மையப்புள்ளியைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

வியாழனுக்குக் கூர்மையான தரை கிடையாது. விளிம்பில் மூடுபனி மெல்லக் கரைகிறது. அதனால் ஒரு பிக்சல் அளவுக்கு மேல் துல்லியத்தை விளிம்பிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

அகலாங்கு மற்றவர்கள் சொல்வதோடு ஒத்துவரவில்லையே?

இரண்டு வகை அகலாங்குகள் உண்டு. ஒன்று கோளின் மையத்திலிருந்து அளப்பது, மற்றது மேற்பரப்பின் செங்குத்தை வைத்து அளப்பது. தட்டையான வியாழனில் மைய அகலாங்கு 45 டிகிரி என்றால் மற்றது 48.8 டிகிரி. மேற்பரப்பில் இது 4,000 கி.மீ.க்கு மேற்பட்ட வித்தியாசம். நெட்டாங்கும் அப்படியே: வியாழனுக்கு வழக்கமாக மேற்கு நோக்கி எண்ணுவார்கள், ஸ்பைஸ் செயலிகளில் பல கிழக்கு நோக்கித் தரும். வரைபடத்தின் ஓரத்தில் எந்த வகை என்று எழுதிவிடுவது உங்களுக்கும் படிப்பவருக்கும் நல்லது.

படத்தில் தெரியும் நிறம் உண்மையா?

வெளிவரும் ஜூனோகேம் படங்களில் கண்ணைப் பறிக்கும் நீலமும் ஆரஞ்சும் பெரும்பாலும் மிகைப்படுத்தியவை. கண்ணால் பார்த்தால் வியாழன் வெளிறிய பழுப்பும் வெண்மையுமாக இருக்கும். மிகைப்படுத்துவதில் தவறு இல்லை. மேகங்களின் நுட்பமான வேறுபாடு அப்போதுதான் தெரியும். அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

இயல்பு நிறத்துக்கு நெருங்க வேண்டுமென்றால், நேரியல் எண்களில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். உணரி நீலத்தில் பலவீனமானது. சிவப்போடு ஒப்பிட்டால் நீலத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருக்கம் தேவைப்படும். கடைசியில், இருண்ட பகுதிகளைத் திரைக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் காமா வளைவை ஒரே ஒரு முறை போடுங்கள். நேரியல் படத்தை அப்படியே திரையில் காட்டினால் இருண்டு கிடக்கும்; அதைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தை ஏற்றுபவர்கள் மேக உச்சிகளை வெளுக்கவிட்டுவிடுகிறார்கள்.

பகல்-இரவு எல்லை வரை வெளிச்சத்தைச் சமப்படுத்தலாமா?

ஓரளவுக்கு. எளிய வழி, ஒவ்வொரு பிக்சலையும் சூரியனின் படுகோணத்தின் (மேற்பரப்பின் செங்குத்திலிருந்து சூரியன் சாய்ந்திருக்கும் கோணம்) கோசைனால் வகுப்பது. ஆனால் வியாழனின் மேகங்கள் சுண்ணாம்புச் சுவர் போல நடந்துகொள்வதில்லை. பார்க்கும் கோணத்தையும் சேர்த்துக்கொள்ளும் மின்னார்ட் சூத்திரம் இன்னும் நன்றாகப் பொருந்தும். அதன் அடுக்கெண்ணை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே உங்கள் படத்திலிருந்தே பொருத்திக் காணலாம்.

80 டிகிரி படுகோணத்தில் கோசைன் 0.17, அங்கே வகுத்தால் எல்லாம் ஆறு மடங்காகும், இரைச்சலும் சேர்த்து. 85 டிகிரியில் பதினொரு மடங்கு. அதனால் 80 டிகிரியோடு நிறுத்திவிடுவதே நேர்மையான வரைபடம். அதற்கு அப்பால் தெரியும் பூ வேலைப்பாடெல்லாம் சுருக்கத்தின் கட்டங்களும் இரைச்சலும்தான்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கலாமா?

சுவரில் மாட்டுவதற்கென்றால் உங்கள் விருப்பம். அளப்பதற்கு, ஒப்பிடுவதற்கு, யாருக்காவது அறிவியல் விளக்கம் சொல்வதற்கு என்றால் கூடவே கூடாது. அந்த மென்பொருள்கள் பூமியின் புகைப்படங்களில் பழகியவை. இல்லாத இழைகளை, இல்லாத சுழல்களை நம்பும்படி வரைந்து வைக்கும். எது கோளுடையது, எது மென்பொருளுடையது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பழைய முறைகளான மங்கல் நீக்கமும் ஓரக் கூர்மையும் போதும். அவற்றையும் கோளின் விளிம்பருகே மட்டுப்படுத்துங்கள்; அதிகமானால் விளிம்பைச் சுற்றி இல்லாத ஒளிவளையம் தோன்றும், அதை வளிமண்டல அடுக்கு என்று நம்பியவர்கள் உண்டு.

படத்தில் சிதறிக் கிடக்கும் வெள்ளைப் புள்ளிகள், கோடுகள் என்ன?

வியாழனைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையத்தின் துகள்கள் உணரியில் மோதியவை ஒரு வகை. நிரந்தரமாகப் பழுதான பிக்சல்கள் இன்னொரு வகை. ஒரே இடத்தில் எல்லாச் சட்டத்திலும் வந்தால் பழுது. ஒரு சட்டத்தில் மட்டும் வந்தால் துகள். பழுதானவற்றுக்கு ஒரு முகமூடிப் படம் தயாரித்து அக்கம்பக்கத்து மதிப்பால் நிரப்புங்கள். படம் முழுவதற்கும் இடைநிலை வடிகட்டி (ஒவ்வொரு பிக்சலிலும் அக்கம்பக்கத்து மதிப்புகளின் நடு மதிப்பை இடும் கணக்கு) ஓட்டுவது சோம்பேறி வழி. சின்ன மேகங்களையும் அது தின்றுவிடும். இரவுப் பக்கத்தில் தனியே ஒளிரும் புள்ளி மின்னலாகவும் இருக்கலாம் என்பதால், அங்கே எதையும் அழிப்பதற்கு முன் மூலத்தைப் பாருங்கள்.

பிந்தைய ஆண்டுகளின் படங்களில் வரி வரியான கடும் இரைச்சல் இருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கேமரா எட்டுச் சுற்றுகள் தாங்கினால் போதும் என்றே வடிவமைக்கப்பட்டது. 47-வது சுற்றில் கதிர்வீச்சுச் சேதத்தின் அறிகுறிகள் தெரிந்தன. 56-வதில் ஏறக்குறைய எல்லாப் படங்களும் கெட்டுவிட்டன. குழுவினர் கேமராவின் வெப்பமூட்டியை ஓடவிட்டுச் சூடாக்கினார்கள். சூட்டில் பொருளின் உள்ளமைப்புக் குறைகள் ஓரளவு ஆறும். 2023 டிசம்பர் 30 அன்று வியாழனின் ஐயோ நிலவை 1,500 கி.மீ. அருகில் கடந்தபோது படங்கள் மறுபடி தெளிவாக வந்தன.

மீத்தேன் வடிகட்டிப் படம் எதற்கு?

889 நானோமீட்டரில் மீத்தேன் ஒளியை வலுவாக உறிஞ்சும். ஆழத்திலுள்ள மேகங்கள் அதில் இருண்டுவிடும். உயரத்திலுள்ள மூடுபனியும் மேக உச்சிகளும் மட்டும் ஒளிரும். பெருஞ்சிவப்புப் புள்ளி இதில் பளிச்சென்று தெரிவதற்கு அதன் மேற்பகுதி உயரத்தில் இருப்பதே காரணம். வண்ணப் படத்தோடு இதை வைத்துப் பார்த்தால் உயர வேறுபாடு புரியும்.

இரண்டு படங்களிலிருந்து காற்றின் வேகத்தை அளக்க முடியுமா?

முடியும். ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒரே வரைபட முறையில், ஒரே அளவில் இட்டு, சிறு சிறு கட்டங்களாக ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். நொடிக்கு 100 மீட்டர் காற்று பத்து நிமிடத்தில் 60 கி.மீ. நகர்த்தும், 3 கி.மீ. பிக்சலில் 20 பிக்சல். ஆனால் இரண்டு வரைபடங்களும் ஒரு பிக்சல் பிசகிப் பொருந்தினாலே நொடிக்கு 5 மீட்டர் பொய்க்காற்று வீசும். கட்டங்கள் எல்லாம் ஒரே திசையில் ஒரே வேகம் காட்டினால் அது காற்றல்ல, உங்கள் நேரப் பிழை.

இதே முறை பூமியின் நிலவுப் படங்களுக்கும் பொருந்துமா?

ஸ்பைஸும் வரைபடக் கணக்கும் அப்படியே பொருந்தும். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் இயங்கும் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் ஐசிஸ் மென்பொருள் இந்த வேலைக்கென்றே உருவானது. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். அதன் தரவுத் தொகுப்பு முழுவதையும் இறக்காமல், உங்களுக்கு வேண்டிய திட்டத்துடையதை மட்டும் எடுங்கள். இந்தியாவின் சந்திரயான் 2 தரவு பெங்களூருவுக்கு அருகே பையலாலுவிலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் வழியாகக் கிடைக்கிறது.

நிலவில் கதை மாறுவது வெளிச்சத்தில். வியாழனில் மேகம் நகரும். நிலவில் நிழல் நகரும். 2019 செப்டம்பர் 7 அன்று தொடர்பிழந்த, சந்திரயான் 2-இன் விக்ரம் தரையிறங்கியின் சிதறல்களைத் தேடியது இதற்கு நல்ல பாடம். இறங்க வேண்டிய இடம் தென் அகலாங்கு 70.8 டிகிரி. நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் செப்டம்பர் 17 அன்று எடுத்த படங்களில் பிக்சல் 1.3 மீட்டர், சூரியனின் படுகோணம் 84 டிகிரி. நீண்ட நிழல்கள் எல்லாவற்றையும் மூடியிருந்தன. சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதற்கு முந்தைய படங்களோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரே ஒரு பிரகாசமான பிக்சலைச் சுட்டிக்காட்டினார். நவம்பரில் 0.7 மீட்டர் பிக்சலில், 72 டிகிரி படுகோணத்தில் எடுத்த படங்களில் மோதிய இடம் தெளிந்தது. அவர் காட்டிய துண்டு முதன்மை மோதலிடத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 750 மீட்டரில் இருந்தது. 2019 டிசம்பர் 2 அன்று நாசா அவர் பெயரோடு அறிவித்தது.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முறை: ஒப்பிடும் இரண்டு படங்களின் படுகோணமும் சூரியன் இருந்த திசையும் முடிந்தவரை நெருங்கியிருக்க வேண்டும். கோணம் வேறானால் ஒவ்வொரு பாறையும் புதிதாக முளைத்தது போலத் தெரியும். பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தோன்றினால், ஒளி கீழிருந்து வரும்படி படம் திரும்பியிருக்கிறது. தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

எந்தக் கணினி வேண்டும்?

8 ஜிபி நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதும். முழுக் கோளையும் 3 கி.மீ. நுணுக்கத்தில் வரைய முயலாதீர்கள்; ஒரு டிகிரிக்கு 416 பிக்சல் வீதம் அகலம் மட்டும் ஒன்றரை லட்சம் பிக்சலாகும். படத்தில் உண்மையில் தெரியும் பகுதியை மட்டும் வெட்டி வரையுங்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது?

2017 ஜூலை 11 அன்று, உலக நேரப்படி, ஏழாவது அண்மைக் கடப்பில் எடுத்த பெருஞ்சிவப்புப் புள்ளிப் படங்கள் சிறந்தவை. கலம் அதன் மேகங்களுக்கு 9,000 கி.மீ. மேலே பறந்தது, பிக்சல் ஏறத்தாழ 6 கி.மீ. விளிம்பும் தெரியும், மேக விவரமும் நிறையக் கிடைக்கும். அதே பகுதியின் படங்கள் சில நிமிட இடைவெளியில் பல இருப்பதால் காற்று அளக்கவும் பழகலாம். துருவப் படங்களை முதலில் எடுக்க வேண்டாம். பாதி இருட்டில் இருப்பதால் விளிம்பு வைத்துச் சரிபார்ப்பது கடினம்.

முடித்த படத்தை வெளியிடும்போது என்ன எழுத வேண்டும்?

நாசா, ஜெட் உந்துவிசை ஆய்வகம்-கால்டெக், தென்மேற்கு ஆய்வு நிறுவனம், மாலின் ஸ்பேஸ் சயின்ஸ் சிஸ்டம்ஸ் ஆகியவற்றுக்கு நன்றி சொல்லி, செப்பனிட்டவராக உங்கள் பெயரையும் போடுங்கள். மூலப் படத்தின் அடையாள எண், எடுத்த நேரம், வரைபட முறை, அகலாங்கு வகை, பிக்சல் அளவு, நிறத்தை மிகைப்படுத்தினீர்களா, தொடக்க நேரத்தை எத்தனை மில்லி நொடி நகர்த்தினீர்கள் ஆகியவற்றையும் கூடவே எழுதுங்கள். கூர்மையாக்காத, 16 பிட் வரைபடத்தைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்; அளக்க விரும்புகிறவர் கேட்பது அதைத்தான்.